மகைனின் பெப்டைடு: லிப்போசோம் கசிகிறது, பாக்டீரியா மட்டும் சாக மறுக்கிறது

தலைப்பிரட்டை

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி, கடைசி செமஸ்டர். புராஜெக்ட்டுக்கு மகைனின்-2 எடுத்திருக்கிறேன். ஆப்பிரிக்க நகத் தவளையின் தோலில் இருந்து 1987இல் மைக்கேல் ஸாஸ்லாஃப் கண்டுபிடித்தாரே, பாக்டீரியாவைக் கொல்லும் அதே 23 அமினோ அமிலப் பெப்டைடு (குட்டிப் புரதம்). தவளையைத் தேடி நான் போகவில்லை. ஒரு கம்பெனியில் 5 மில்லிகிராம் செய்து தரச் சொல்லி வாங்கினோம். டியூபின் அடியில் அந்த வெள்ளைப் பொடி கண்ணுக்குத் தெரிவதே சிரமம். விலையைச் சொன்னால் வீட்டில் திட்டு விழும்.

இதுவரை மூன்று டெஸ்ட் செய்தேன். முதலாவது கால்சீன் கசிவு. பி.சி., பி.ஜி. என்ற இரண்டு லிப்பிட்டையும் (சவ்வுக் கொழுப்பு) சரிபாதி கலந்து லிப்போசோம், அதாவது சவ்வாலான குட்டிக் குமிழி செய்து உள்ளே கால்சீன் என்ற ஒளிரும் சாயத்தை அடைத்தேன். 2 மைக்ரோமோலார் பெப்டைடு போட்டதுமே பாதிக்கு மேல் கசிந்துவிட்டது. அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டாவது எம்.ஐ.சி., அதாவது பாக்டீரியா வளர்வதை நிறுத்தும் குறைந்தபட்ச அளவு. ஈ. கோலை, முல்லர்-ஹின்டன் பிராத் (பாக்டீரியா வளர்க்கும் திரவம்), 96 குழித் தட்டு. 64 மைக்ரோமோலாரிலும் குழி கலங்கலாகவே இருக்கிறது. மூன்று தடவை திரும்பச் செய்தும் அதேதான்.

மூன்றாவது, சிவப்பணு உடைகிறதா என்று பார்ப்பது. ஆட்டுத் தொட்டியில் சொல்லிவைத்து, சிட்ரேட் போட்ட டியூபில் ஆட்டு ரத்தம் பிடித்து வந்தேன். 64 மைக்ரோமோலாரிலும் உடையவில்லை. "மனித செல்லுக்குத் தீங்கில்லை" என்று எழுதிவைத்திருக்கிறேன்.

இரண்டு சந்தேகம். சவ்வை உடைப்பதுதான் இதன் வேலை என்றால், லிப்போசோமை உடைப்பது பாக்டீரியாவை ஏன் விட்டுவிடுகிறது? அப்புறம், புத்தகத்தில் மூன்று படம் இருக்கிறது. பீப்பாய் மாதிரி பலகை பலகையாக நிற்பது, மெதுவடை மாதிரி ஓட்டை விழுவது, கம்பளம் மாதிரி மேலே விரிவது. வைவாவில் எதைச் சொல்வது? கைடு "மூன்றையும் சொல்லிவிடு" என்கிறார்.

மதுரைக்காரி

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். அந்த 96 குழித் தட்டு என்ன பிளாஸ்டிக்? நீர்த்துப் போகச் செய்த டியூப் என்ன பிளாஸ்டிக்?

பாலிஸ்டைரீன் என்றால் உன் பெப்டைடைத் தின்றது தட்டுதான். பளிங்கு மாதிரி பளபளவென்று இருந்தால் பாலிஸ்டைரீன். கொஞ்சம் பால் நிறத்தில் மங்கலாக இருந்தால் பாலிபுரொப்பிலீன். என் பிஎச்.டி.யின் இரண்டாம் வருஷத்தில் நாலு மாதம் இப்படித்தான் போனது. காலையில் செய்தால் ஒரு எம்.ஐ.சி., அதே கரைசலை மத்தியானம் எடுத்தால் இன்னொன்று. பெப்டைடு கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிதாக ஆர்டர் போட்டோம். கடைசியில் பக்கத்து லேப்பில் இருந்த ஒரு சீனியர் அக்கா வந்து, நான் கரைசலை எடுத்துவைத்த டியூபைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதிலா வைக்கிறாய்?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு ஒட்டுகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார். குழியில் 100 மைக்ரோலிட்டர், மில்லிக்கு 5 லட்சம் செல் என்றால் மொத்தம் 50,000 செல். ஒரு ஈ. கோலையின் மேற்பரப்பு ஏறக்குறைய 6 சதுர மைக்ரான். எல்லாவற்றையும் உரித்துப் பரப்பினாலும் அரை சதுர மில்லிமீட்டர் வராது. குழியில் நனைகிற பிளாஸ்டிக் பரப்போ ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பக்கம். நேர்மின்னும் எண்ணெய்த்தன்மையும் சேர்ந்த பெப்டைடுக்கு அந்தச் சுவர் ஒரு பெரிய மைதானம். பெப்டைடுக்காரர்கள் பாலிபுரொப்பிலீன் தட்டு எடுத்து, நீர்த்துப் போகச் செய்கிற தண்ணீரில் 0.01 சதவீதம் அசெட்டிக் அமிலமும் 0.2 சதவீதம் பி.எஸ்.ஏ.வும் (மாட்டு ரத்தப் புரதம்) போடுவது இதற்காகத்தான்.

அடுத்தது பிராத். கால்சியம், மெக்னீசியம் சேர்த்த வகையா, சாதாவா? டப்பாவைப் பார். சேர்த்த வகையில் லிட்டருக்குக் கால்சியம் 20-25 மில்லிகிராமும் மெக்னீசியம் 10-12.5 மில்லிகிராமும் இருக்கும். ஈ. கோலையின் வெளிச் சவ்வில் எல்.பி.எஸ். என்ற, கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த மூலக்கூறுகள் எதிர்மின்னோடு நெருக்கமாக நிற்கின்றன. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பிரியாமல் அவற்றைத் தைத்து வைத்திருக்கும் நூல் இந்தக் கால்சியமும் மெக்னீசியமும்தான். பெப்டைடு உள்ளே போக முதலில் இந்த நூலைப் பிரிக்க வேண்டும். நீ பிராத்தில் நூல்கண்டையே கொட்டி வைத்தால் அது எங்கே பிரிக்கும்? உன் லிப்போசோமுக்கோ வெளிச் சவ்வே கிடையாது.

லிப்போசோம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாதிக்குப் பாதி பி.ஜி. என்பது ரொம்பத் தாராளம். ஈ. கோலையின் உள் சவ்வில் பி.ஈ. என்ற லிப்பிட் சுமார் 75 சதவீதம், பி.ஜி. 20, மீதி கார்டியோலிப்பின். பி.ஜி.யும் கார்டியோலிப்பினும்தான் எதிர்மின். நீ அதைப் பாதியாக ஏற்றிவைத்து மகைனினுக்குச் சிவப்புக் கம்பளம் விரித்திருக்கிறாய். போதாக்குறைக்கு பி.ஈ.யே இல்லை. பி.ஈ.க்குத் தலை சின்னது, வால் அகலம். மகைனின் போடும் மாதிரி ஓட்டையின் விளிம்பு வளைய அது ஒத்துழைக்காது. பி.ஈ. மூன்று பங்கு, பி.ஜி. ஒரு பங்கு என்று செய்து பார், கசிவு குறையும். மனசு உடையாதே, அதுதான் உண்மைக்குப் பக்கம்.

இப்போது படத்துக்கு வருவோம். மூன்றையும் சொல்லிவிடு என்று உன் கைடு சொன்னால், அவருக்கு அன்றைக்கு மீட்டிங் இருந்திருக்கும்.

மூன்று படத்திலும் பெப்டைடை ஊசி மாதிரி வரைகிறார்கள். பார்க்கிறவன் மனதில் ஒரு பெப்டைடு வந்து குத்தி ஓட்டை போடுகிறது என்று பதிந்துவிடுகிறது. ஒரு மகைனின் ஒன்றும் செய்யாது. பத்து வந்தாலும் செய்யாது. தண்ணீரில் இருக்கும்போது அது வடிவமே இல்லாத நூல். எதிர்மின் சவ்வில் ஒட்டியதும்தான் சுருளாகிறது. சுருளின் ஒரு முகத்தில் லைசின்கள் வரிசை கட்டும், மறுமுகத்தில் ஃபினைல்அலனின், லூசின், வாலின் என்று எண்ணெய்ப் பசை உள்ளவை. அதனால் அது குத்துவதில்லை. கட்டுமரம் மாதிரி பாதி முங்கிப் படுத்துக்கொள்கிறது.

எங்கே படுக்கிறது? மேல் அடுக்கில், லிப்பிட் தலைகளுக்கு நடுவே. பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள் இடுக்கி உட்கார்வாரே, அந்த மாதிரி. தலைகள் விலகுகின்றன, கீழே வால்களுக்கு நடுவே காலியிடம் விழுகிறது, அதை நிரப்ப வால்கள் சாய்கின்றன, சவ்வு மெலிகிறது. இந்த மெலிவை ஹூஸ்டனில் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஹூவி ஹுவாங்கின் குழு எக்ஸ்-ரே வைத்து அளந்தே காட்டியது. இதில் ஒரு சங்கடம், மேல் அடுக்கில் மட்டும்தான் ஆள் ஏறுகிறது. கீழ் அடுக்கு அதே எண்ணிக்கையில் இருக்கிறது. இழுவிசை ஏறிக்கொண்டே போகிறது. சில பத்து லிப்பிட்டுக்கு ஒரு பெப்டைடு என்கிற அளவைத் தாண்டியதும் சவ்வு தாங்காது. படுத்திருந்தவற்றில் சில நிமிர்ந்து சாய்கின்றன, ஓட்டை திறக்கிறது. அந்த அளவுக்குக் கீழே எத்தனை மணி நேரம் வைத்தாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. உன் கால்சீன் கிராஃபைப் பார், நேர்கோடாக ஏறாது. கொஞ்ச தூரம் தரையில் தவழ்ந்துவிட்டுத் திடீரென்று எழும்.

ஆக மகைனினுக்கு மெதுவடைதான். இதற்கு ஒரு அழகான சான்று இருக்கிறது. 1996இல் ஜப்பானில் மட்சுஸாகியின் குழு, கசிவு நடக்கும்போதே மேல் அடுக்கு லிப்பிட்டுகள் கீழ் அடுக்குக்குப் போய்விடுவதைப் பார்த்தது. சாதாரணமாக லிப்பிட் அப்படிக் குட்டிக்கரணம் போட மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் ஆகும். வடையை யோசித்துப் பார்: மேல்பக்கத்தில் ஊரும் எறும்பு ஓட்டையின் உள்சுவர் வழியாக அடிப்பக்கத்துக்குப் போய்விடலாம், எங்கேயும் தாண்டிக் குதிக்க வேண்டாம். ஓட்டையின் சுவரில் பெப்டைடு மட்டும் அல்ல, லிப்பிட் தலைகளும் இருந்தால்தான் இது முடியும். பீப்பாய்ப் பலகை மாதிரி பெப்டைடு மட்டுமே சுவர் கட்டினால் அந்த வழி அடைபட்டுவிடும். பீப்பாய் என்பது அலமெதிசினுக்குச் சரி, அது பூஞ்சையில் இருந்து வருவது, வேறு குணம். கம்பளம் என்பதை நான் தனி முறையாகவே நினைப்பதில்லை. ஓட்டை விழுவதற்கு முந்தைய கட்டம் அது. அளவு கன்னாபின்னா என்று ஏறிவிட்டால் சோப்பு மாதிரி சவ்வையே துண்டு துண்டாகக் கரைத்துவிடும். இது என் கருத்து, வைவாவில் சண்டைக்கு இழுக்காதே.

எக்ஸாமினர் "ஏதாவது புரதத்தில் போய் ஒட்டிக் கொல்கிறது என்று ஏன் இருக்கக் கூடாது?" என்று கேட்டால், 1990இல் வந்த பேப்பரைச் சொல். போமானும் மெரிஃபீல்டும் சேர்ந்து செக்ரோப்பின், மகைனின், மெலிட்டின் என்ற மூன்று பெப்டைடையும் கண்ணாடிப் பிம்பமாக, முழுக்க டி-அமினோ அமிலத்தில் செய்து பார்த்தார்கள். பாக்டீரியா அதே மாதிரி செத்தது. பூட்டு-சாவி என்றால் இடக்கைச் சாவி வலக்கைப் பூட்டில் நுழைந்திருக்காது.

ஆட்டு ரத்தத்துக்குச் சாயங்காலம் வருகிறேன், கிளாஸ் இருக்கிறது. அதுவரைக்கும் அந்த "மனித செல்லுக்குத் தீங்கில்லை" வரியை அழித்து வை.

சும்மா வந்தவன்

நான் கணக்கு டிபார்ட்மெண்ட், ஆனாலும் படித்தேன். ஒரு சந்தேகம். புரதத்தைக் குறிவைக்கிற மருந்து என்றால் பாக்டீரியா அந்தப் புரதத்தை மாற்றித் தப்பிக்கும். இது சவ்வையே கிழிக்கிறது. சவ்வை மாற்றிக்கொண்டு எங்கே போகும்? அப்படியென்றால் இதற்கு எதிர்ப்புச் சக்தியே வராதே. ஏன் இன்னும் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரையாக விற்கவில்லை? கேரளத்துத் தவளை ஒன்று ஃப்ளூவைக் கொல்கிறது என்று 2017இல் செய்தியெல்லாம் வந்ததே?

முட்டை ஊர் டாக்டர்

வராது என்று யார் சொன்னது? வந்தாகிவிட்டது. நான் கால்நடை மருத்துவர், நாமக்கல் பக்கம். கொலிஸ்டின் என்று ஒரு மருந்து இருக்கிறது. அதுவும் பெப்டைடுதான், மண்ணில் உள்ள ஒரு பாக்டீரியா செய்வது. வட்டமாகச் சுருண்ட உடம்பு, கொழுப்பு வால். எல்.பி.எஸ்.ஸின் அடியில் இருக்கும் லிப்பிட் ஏ என்ற பகுதியில் போய் ஒட்டிக்கொண்டு, மேலே மேடம் சொன்ன அந்த நூலைப் பிடுங்கிவிட்டு உள்ளே போகும். ஆஸ்பத்திரியில் வேறு எதுவும் கேட்காத நோயாளிக்குக் கடைசியாகப் போடுகிற மருந்து. அதே மருந்தைக் கோழி சீக்கிரம் எடை போட வேண்டும் என்று தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள்.

2015 கடைசியில் சீனாவில் இருந்து எம்.சி.ஆர்.-1 என்ற ஜீன் பற்றிப் பேப்பர் வந்தது. பன்றியிலும் இறைச்சியிலும் மனிதர்களிடமும் கிடைத்த ஈ. கோலையில் இருந்தது. அந்த ஜீன் சவ்வைத் தூக்கிப் போடவில்லை. லிப்பிட் ஏ மேல் ஒரு பாஸ்போஎத்தனாலமினை ஒட்டுகிறது, அவ்வளவுதான். எதிர்மின் குறைகிறது, கொலிஸ்டினுக்குப் பிடி கிடைப்பதில்லை. பிளாஸ்மிட் என்ற குட்டி டி.என்.ஏ. வளையத்தில் இருப்பதால் ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்குக் கொடுத்துவிடும். இந்தியாவில் 2019 ஜூலையில் கோழி, மீன், ஆடு, மாடு எதற்கும் கொலிஸ்டின் கூடாது என்று தடை போட்டார்கள். அதற்கு முந்தைய வாரம் வரை என்னிடம் "அந்தப் பவுடர் எழுதிக் கொடுங்க சார், குஞ்சு நல்லா ஏறுது" என்று வந்தவர்கள் உண்டு. எழுதியும் கொடுத்திருக்கிறேன். மறைக்க என்ன இருக்கிறது.

மதுரைக்காரி

டாக்டர் சார் சொன்னதற்கு மேல் ஒரு வரி. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் இன்னும் கெட்டிக்காரன். பி.ஜி. லிப்பிட்டின் தலையில் ஒரு லைசினையே ஒட்டிவிடுகிறது. எதிர்மின்னாக இருந்தது நேர்மின் ஆகிவிடும். மகைனின் எந்த அமினோ அமிலத்தை நம்பி வருகிறதோ அதையே எடுத்து வாசலில் மாட்டிவைத்த மாதிரி.

சும்மா வந்தவரே, மாத்திரையாக விழுங்கினால் வயிற்றில் இட்லியோடு சேர்ந்து செரித்துவிடும். ஊசியாகப் போட்டால் ரத்தத்தில் உள்ள புரதங்களும் உப்பும் புரதத்தை வெட்டும் புரோட்டியேஸும் விடாது. அதனால் மேலே தடவுகிற மாதிரி, மகைனினை மாற்றி பெக்ஸிகானான் என்று 22 அமினோ அமிலத்தில் ஒன்று செய்தார்கள், சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கு. 1999இல் அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி தரவில்லை, ஏற்கெனவே இருக்கிற மாத்திரையைவிட இது எந்த விதத்தில் மேல் என்று காட்ட முடியவில்லை. கடையில் இருப்பது டாப்டோமைசின் என்ற பெப்டைடு மருந்து, 2003இல் வந்தது. தலைப்பிரட்டைக்கு இது பிடிக்கும்: உன் மகைனினுக்குக் கால்சியம் எதிரி, டாப்டோமைசினுக்கோ கால்சியம் இல்லாமல் வேலையே ஓடாது. அதற்கும் ஒரு இடத்தில் மூக்குடைப்பு. நுரையீரலின் உட்பக்கத்தைப் பூசியிருக்கும் திரவம் அதைப் பிடித்துவைத்துக்கொள்வதால் நிமோனியாவுக்குப் பயன்படாது.

கேரளத் தவளை வேறு கதை. உருமின் என்று பெயர், உருமி வாளை வைத்து. அது ஃப்ளூ வைரஸின் ஹீமாக்ளூட்டினின் என்ற புரதத்தின் தண்டைப் பிடிக்கிறது. இந்தப் படத்தில் சேராது.

சரி, ஆட்டு ரத்தம். ஆடு, மாடு, செம்மறி ஆகியவற்றின் சிவப்பணுச் சவ்வில் பி.சி. ஏறக்குறைய கிடையாது, அந்த இடத்தில் ஸ்பிங்கோமயலின். மனித சிவப்பணுவில் பி.சி. தாராளமாக உண்டு. சில வகை விஷங்கள் மனிதச் சிவப்பணுவை உடைக்கும், ஆட்டினுடையதைத் தொடாது. அதனால் ஆட்டை வைத்து மனிதனுக்கு உத்தரவாதம் கொடுக்க முடியாது. உன் மகைனின் மனித ரத்தத்திலும் பெரும்பாலும் சாதுவாகத்தான் இருக்கும். நம் செல்லின் வெளி அடுக்கில் எதிர்மின் லிப்பிட் கிடையாது, அவையெல்லாம் உள் அடுக்கில் ஒளிந்திருக்கின்றன. கொலஸ்டிரால் வேறு சவ்வை இறுக்கி வைத்திருக்கிறது. ஆனால் சாது என்று காட்டுவதற்கு முரடனைப் பக்கத்தில் வைக்க வேண்டும். தேனீ விஷத்தில் உள்ள மெலிட்டினை ஒரு குழியில் போடு. இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம், 23க்கு 26. இரண்டுக்கும் நேர்மின். மெலிட்டின் ஆள் பார்க்காது, எல்லாவற்றையும் உடைக்கும்.

கடைசியாக, எடை. பொடி டி.எஃப்.ஏ. (டிரைஃப்ளூரோஅசெட்டிக் அமிலம்) உப்பாகத்தான் வந்திருக்கும். மகைனின்-2இன் மூலக்கூறு எடை 2,467. லைசின் நாலு, ஹிஸ்டிடின் ஒன்று, தொடக்க முனை ஒன்று, ஒவ்வொன்றுக்கும் 114 எடையுள்ள ஒரு டி.எஃப்.ஏ. ஒட்டியிருந்தால் நீ நிறுத்ததில் ஐந்தில் ஒரு பங்கு பெப்டைடே இல்லை. நீ 64 என்று எழுதியது 50தான்.

தலைப்பிரட்டை

அக்கா, தட்டு பளபளவென்றுதான் இருந்தது. ஸ்டோரில் கேட்டால் "எல்லாத் தட்டும் தட்டுதானே தம்பி" என்றார்கள். பக்கத்து டிபார்ட்மெண்டில் பாலிபுரொப்பிலீன் தட்டு இரண்டு கெஞ்சி வாங்கினேன். பிராத் டப்பாவிலும் கால்சியம், மெக்னீசியம் சேர்த்தது என்று சின்ன எழுத்தில் இருந்தது, நான்தான் பார்க்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். சாதா பிராத், புதுத் தட்டு: 16 மைக்ரோமோலாரில் தெளிவாக நின்றுவிட்டது, இரண்டு தடவையும். கால்சியம் சேர்த்த பிராத், அதே புதுத் தட்டு: 64. பி.ஈ. போட்ட லிப்போசோமில் 2 மைக்ரோமோலாரில் ஒன்றுமே கசியவில்லை, கிராஃப் நீங்கள் சொன்ன மாதிரி தரையில் தவழ்கிறது. 8இல்தான் எழுந்தது.

இன்னொரு கணக்கும் போட்டேன், சரியா பாருங்கள். 16 மைக்ரோமோலார் என்றால் மில்லிக்குச் சுமார் 100 கோடி கோடி பெப்டைடு. 5 லட்சம் செல்லுக்குப் பங்கு போட்டால் ஒரு செல்லுக்கு 2,000 கோடி. ஒரு ஈ. கோலையில் மொத்த லிப்பிட்டே 2 கோடிதான் என்கிறார்கள். ஒரு லிப்பிட்டுக்கு ஆயிரம் பெப்டைடு! சில பத்து லிப்பிட்டுக்கு ஒன்று போதும் என்றீர்களே?

மதுரைக்காரி

கணக்கு சரி. அந்த 2,000 கோடியில் சவ்வில் ஏறுவது சொற்பம், மீதி தண்ணீரிலேயே நிற்கும். ஏறுவதும் இறங்குவதுமாக ஒரு சமநிலை. தண்ணீரில் அவ்வளவு அடர்த்தி இருந்தால்தான் சவ்வின் மேல் தேவையான கூட்டம் சேரும். அதனால்தான் 5 லட்சத்துக்குப் பதில் 1 லட்சம் செல் போட்டாலும் உன் எம்.ஐ.சி. பெரிதாக மாறாது. ஆனால் மில்லிக்கு 100 கோடி செல் போட்டுப் பார், செத்த செல்களே பெப்டைடை உறிஞ்சிக்கொண்டு உயிரோடு இருக்கிறவர்களைக் காப்பாற்றிவிடும். தட்டு மீதி இருந்தால் இதையும் ஒரு வரிசை செய், வைவாவில் கேட்க ஆள் இருக்காது.

இரண்டு பிராத் ரிசல்ட்டையும் போடு. 16 மட்டும் போட்டு 64ஐ மறைக்காதே. ரத்தத்திலும் கால்சியம் இருக்கிறது. சிவப்பணு என்ன ஆச்சு?

தலைப்பிரட்டை

மகைனின் குழியில் அணுக்கள் அடியில் பொட்டு மாதிரி உட்கார்ந்துவிட்டன, மேலே தண்ணீர் தெளிவு. மெலிட்டின் குழி செக்கச்செவேல் என்று ரோஸ்மில்க் மாதிரி.

ரத்தம் என்னுடையதுதான் அக்கா. லேப் மேட் எடுத்தான். மூன்று தடவை குத்திய பிறகு நரம்பு கிடைத்தது.